மாலை 6 முதல் 10 வரை: தொடர்களைக் கணக்கெடுத்து விமர்சிப்பது எப்படி?

அரசலாறு (கேள்வி)

வணக்கம். கும்பகோணம் பக்கத்து நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் 12 பேர் சேர்ந்து, மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை வரும் தமிழ்த் தொடர்களை நான்கு வாரம் பார்த்துக் கணக்கெடுக்கப் போகிறோம். "சீரியல் என்றாலே மாமியார் மருமகள் சண்டைதானே" என்று பேசிவிட்டுக் கலைவதில் யாருக்கும் பயனில்லை. சேனலுக்கு அனுப்பினால் அவர்கள் மறுக்க முடியாத மாதிரி, தேதி, நிமிடம், எண்ணிக்கையோடு ஓர் அறிக்கை வேண்டும்.

தெரிந்தவர்கள் நாலு விஷயம் சொல்லுங்கள். தொடரில் எதை அளந்தால் உண்மை வெளியே வரும்? டிஆர்பி எப்படி வருகிறது, அதில் நம் டெல்டா வீடுகளுக்கு என்ன இடம்? தஞ்சாவூர், திருவாரூர் பக்கக் கதை என்று சொல்லிக்கொண்டு வரும் தொடர்களில் எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்? கடைசியாக, புகாரை எந்த வழியில் கொண்டுபோக வேண்டும்?

தொகுப்புமேசை

முதலில் கடிகாரம். 12 பேரும் டிவி திரையில் தெரியும் நேரத்தைப் பார்க்கக் கூடாது. செல்போன் நேரத்தை மட்டும் எழுதுங்கள். கேபிள் பெட்டிக்கும் டிடிஹெச்சுக்கும் சில நொடி வித்தியாசம் உண்டு, ஆப்பில் நேரலையாகப் பார்த்தால் இன்னும் பின்தங்கும். ஆளுக்கொரு கருவியில் பார்த்து எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடும்போது "நீ தப்பா எழுதியிருக்கே" என்று சண்டை வருவது இதனால்தான்.

அரைமணித் தொடரில் கதைக்கென்று கிடைப்பது ஏறக்குறைய 22 நிமிடம், அதாவது 1,320 நொடி. அந்த 1,320 நொடி எங்கே போகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வரும் முன்கதை எத்தனை நொடி, தலைப்புப் பாட்டு எத்தனை நொடி, இடைவேளை முடிந்ததும் அதே காட்சியை மறுபடி ஓட்டுவது எத்தனை நொடி, முகக்காட்சி எத்தனை நொடி. இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் அன்றைய கதை.

முகக்காட்சி என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். நான் சொல்வது இது: யாரும் பேசாமல், கதையில் புதிய சேதி எதுவும் வராமல், ஒரு முகத்தின்மேல் 2 நொடிக்கு மேல் நிற்கும் ஷாட். ஓர் உதாரணம். ஹாலில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் "இந்தக் கல்யாணம் நடக்காது" என்கிறார். மற்ற ஏழு முகத்துக்கும் தலா 3 நொடி, ஆக 21 நொடி. பிறகு பேசியவர் முகத்தை நோக்கிக் கேமரா போக 4 நொடி. ஒரு வாக்கியத்துக்கு 25 நொடி தீர்ந்துவிட்டது. கன்னத்தில் அறை விழுந்தால் அதையே மூன்று கோணத்தில் மூன்று தடவை ஓட்டுவார்கள், அதைத் தனியாகக் குறியுங்கள்.

இது இயக்குநருக்கு வேலை தெரியாததால் வருவதில்லை. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் மாதம் 26 எபிசோட். அதற்கு ஏற்ற வேகத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு எபிசோடுக்கான காட்சிகளை எடுத்தாக வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் லைட்டை மாற்றினால் நேரம் போகும். ஆகவே எல்லாச் சண்டையும் ஹாலிலேயே நடக்கும். எல்லா நடிகரும் ஒரே நாளில் கிடைக்கும் காம்பினேஷன் நாள் மாதத்தில் கொஞ்சம்தான். அன்றைக்கு ஏழெட்டுப் பேரையும் நிற்கவைத்து, ரியாக்‌ஷனையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே எடுத்து வைத்த கையிருப்பு எபிசோட் குறையக் குறைய எடிட்டிங் மேசையில் இந்த முகங்கள்தான் நிமிடத்தை நிரப்பும். ஒரு பாத்திரம் திடீரென்று வெளியூர் போய் போனில் மட்டும் பேசினால், அந்த நடிகரின் தேதி கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். முகக்காட்சி நொடியை நாலு வாரத்துக்கு வரிசையாக எழுதிப் பார்த்தீர்களானால், எந்த வாரம் கையிருப்பு தீர்ந்தது என்பதே தெரியும்.

யாரை நோக்கி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். முன்பு தயாரிப்பாளர் சேனலிடம் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பர நொடிகளைத் தாமே விற்று எடுக்கும் முறை பரவலாக இருந்தது. கதை எப்படிப் போக வேண்டும் என்பதில் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. இப்போது பெரும்பாலும் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுக்கச் சொல்கிறது. எந்த டிராக், அதாவது கதைக்கிளை, ஓட வேண்டும், எது முடிய வேண்டும் என்பதைச் சேனலின் கதைப் பிரிவு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த காட்சி. வசனம் எழுதுபவருக்குச் சீன் பேப்பர் (காட்சிச் சுருக்கம்) கிடைப்பதே தாமதமாகத்தான். எனவே அறிக்கையில் இயக்குநரையும் நடிகையையும் திட்டாதீர்கள். சேனலுக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. ஆப்பில் மறுநாள் பார்த்துக் கணக்கெடுக்கலாமா என்று கேட்பீர்கள். கதையைக் கணக்கெடுக்க அது வசதிதான், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் அதில் டிவியில் வந்த விளம்பர இடைவேளை இருக்காது. விளம்பரக் கணக்கு வேண்டுமென்றால் நேரலையில் டிவி முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆளைப் பிரித்துவிடுங்கள்: இரண்டு பேர் விளம்பரம், மற்றவர்கள் கதை.

வெண்ணாறு

டிஆர்பி பற்றி நிறையக் கட்டுக்கதை உலவுகிறது. அளப்பது பார்க் என்ற அமைப்பு. 2015லிருந்து அதன் எண்தான் ஓடுகிறது. சேனல்கள் தங்கள் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதித்து அனுப்புகின்றன. தேர்ந்தெடுத்த வீட்டிலுள்ள மீட்டர் அந்தக் குறியீட்டைப் பிடித்து எந்தச் சேனல், எந்த நிமிடம் என்று பதிகிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பொத்தான். பார்க்க உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும்.

மீட்டர் உள்ள வீடுகள் நாடு முழுக்க 50,000க்கு மேல். டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று 2020 மதிப்பீடு. சராசரியாகப் பார்த்தால் ஒரு மீட்டர் வீடு ஏறத்தாழ 4,000 வீட்டுக்காகப் பேசுகிறது. எந்த வீடு என்பது ரகசியம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். தெரிந்தால் காசு கொடுத்துக் குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொல்வார்கள். 2020இல் மும்பை போலீஸ் பதிந்த வழக்கின் குற்றச்சாட்டே அதுதான். உங்கள் குழுவில் யாரும் மீட்டர் வீட்டைத் தேடிப் போக வேண்டாம்.

எண் எப்படி வருகிறது என்பதைச் சிறு கணக்காகச் சொல்கிறேன். ஓர் ஊரில் 100 பேர், தொடர் 30 நிமிடம். அத்தனை பேரும் முழுக்கப் பார்த்தால் 3,000 நிமிடம். உண்மையில் 10 பேர் முழுக்கப் பார்த்தார்கள், அது 300 நிமிடம். 20 பேர் பாதி பார்த்தார்கள், அதுவும் 300. மொத்தம் 600. 3,000இல் 600, அதாவது 20 சதவீதம். கவனியுங்கள்: 20 பேர் முழுக்கப் பார்த்தாலும் அதே 20தான், 40 பேர் பாதியிலே எழுந்து போனாலும் அதே 20தான். பிடித்துப் பார்த்தார்களா, சமையலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்ததா என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. ஆளை நிமிடக்கணக்கில் உட்கார வைத்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

இதனால்தான் தொடர் சரியாக 7.30க்கு முடிவதில்லை. 7.31, 7.32 வரை இழுத்து, இடைவேளை விடாமல் அடுத்த தொடரின் முதல் காட்சிக்குத் தாவுவார்கள். எதிர்ச் சேனலில் அந்நேரம் தொடர் தொடங்கிவிட்டிருக்கும். மாற்றினால் ஆரம்பம் போய்விடும் என்று பார்ப்பவர் அங்கேயே இருந்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் நொடியோடு எழுதுங்கள். இதைக் கணக்கெடுப்பில் விட்டுவிடாதீர்கள்.

பார்க் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். எண் அடுத்த வியாழனன்று வெளிவரும். கதை திடீரென்று வேறு பக்கம் திரும்பினால் அது எந்த வாரம், எந்தக் கிழமை என்று குறித்து வையுங்கள். இரண்டு தொடர்க் குடும்பங்களைச் சேர்த்து ஓட்டும் மகாசங்கமம், ஞாயிறு ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோட் இவையெல்லாம் எந்தக் கிழமையில் விழுகின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான்கு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியவரலாம். தெரியவராவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

இப்போது டெல்டா. பார்க் கணக்கில் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று தனிச் சந்தை கிடையாது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தை, அதற்குள் நகரம், கிராமம் என்று பிரிவு. காரைக்காலும் இந்தச் சந்தைக்குள்தான். "டெல்டாவில் இந்தத் தொடர்தான் நம்பர் ஒன்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

நம் பக்கத்துக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டின் வசதி நிலையை என்சிசிஎஸ் என்ற முறையில் பிரிக்கிறார்கள். குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு ஒரு பக்கம். வீட்டில் உள்ள 11 பொருள் மறுபக்கம்: மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, டூவீலர், டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி, கார், ஏசி, அப்புறம் சொந்த விவசாய நிலம். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்யும் குடும்பங்கள் டெல்டாவில் எத்தனை! அஞ்சு மா (ஒன்றரை ஏக்கருக்கு மேல்) பயிர் செய்தாலும் பட்டா அவர்கள் பேரில் இல்லை, எனவே 11இல் அந்த ஒன்று குறைந்து, வீடு கீழ்ப் பிரிவுக்குப் போகலாம். விளம்பரம் கொடுப்பவர்கள் மேல்தட்டுப் பிரிவு வீடுகளின் எண்ணைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். வரப்பில் நிற்கிறவன் கதை திரைக்கு வராததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. இதுவும் ஒரு காரணம், எழுத வேண்டிய காரணம்.

மின்சாரம் போனால் டிவி ஓடாது, மீட்டருக்குப் பதிய ஒன்றும் இருக்காது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தச் சமயத்து எண்களில் அந்த ஊர்கள் எப்படி இருந்திருக்க முடியும்?

மன்னைகேபிள்

மேலே சொன்னதெல்லாம் சரிங்க. களத்துல நீங்க பாக்க வேண்டியது இன்னும் ரெண்டு இருக்கு.

ஒண்ணு, பெட்டியை ஆன் பண்ணினதும் தானா வர்ற சேனல். இதுக்கு லேண்டிங் பேஜ்னு பேரு. அந்த இடத்துக்குச் சேனல்காரங்க காசு கொடுப்பாங்க. நீங்க ரிமோட்டைத் தேடி எடுத்து மாத்துற வரைக்கும் அந்தச் சேனல்தானே ஓடிக்கிட்டு இருக்கும். 2018 கடைசியில டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இதைத் தடுத்து உத்தரவு போட்டுச்சு, 2019இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. பார்க் தன் பங்குக்கு அந்த நிமிஷங்களைச் சல்லடை போட்டு எடுக்கும்னு சொல்லியிருக்கு. சோதிக்கிற முறை சுலபம். சாயங்காலம் 6.30, 7.30, 8.30ன்னு மூணு நேரத்துல பெட்டியை மெயின் சுவிட்சுல அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க. எந்தச் சேனல் வருதுன்னு எழுதுங்க. ரிமோட்ல மட்டும் அணைச்சா கடைசியா பார்த்த சேனலே வர்ற பெட்டியும் உண்டு, அதனால சுவிட்சுல அணைக்கணும். அரசு கேபிள் ஒண்ணு, தனியார் கேபிள் ஒண்ணு, டிடிஹெச் ஒண்ணுன்னு மூணு வீட்டுல ஒரே நாள்ல செய்யணும்.

ரெண்டாவது விளம்பரம். 1994 கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம்தான். அதுல 10 நிமிஷம் வெளி விளம்பரம், 2 நிமிஷம் சேனல் தன்னோட நிகழ்ச்சிக்குப் போட்டுக்கிற விளம்பரம். கணக்கெடுக்கிறவங்க செய்யிற பெரிய தப்பு, அரைமணிக்கு 6 நிமிஷம்னு பிரிச்சுப் பாக்குறது. விதி மணிக்கணக்குலதான் இருக்கு. 7லேர்ந்து 8 வரைக்கும் முழுசாப் பாத்தாத்தான் மீறலா இல்லையான்னு சொல்ல முடியும். முதல் அரைமணியில 8 நிமிஷம் ஓட்டி, அடுத்ததுல 4 ஓட்டினா விதிப்படி சரிதான். சேனலோட சொந்த ப்ரொமோவையும் வெளி விளம்பரத்தையும் ரெண்டு ஸ்டாப்வாட்ச்ல தனித்தனியா எடுங்க. ஒண்ணா எடுத்தா அந்தக் கணக்கு எதுக்கும் உதவாது.

கதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே கீழ ஒரு பட்டை, பக்கத்துல ஒரு பட்டைன்னு படத்தையே சுருக்கிக் காட்டுவாங்க. கீழ வர்றதுக்கு ஆஸ்டன், ரெண்டு பக்கமும் சேர்ந்து வர்றதுக்கு எல் பேண்ட். இடைவேளைக் கணக்குல இதைச் சேர்க்காம தனி வரியில எத்தனை தடவை, எத்தனை நொடின்னு எழுதுங்க. கதைக்குள்ளயே ஒரு சோப்புத்தூள் பாக்கெட்டைக் கையில புடிச்சுக்கிட்டு மருமகள் அரை நிமிஷம் பேசினா அதுக்கும் ஒரு வரி.

கேபிள் காசு பத்திப் பேசுறப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. அரசு கேபிள் 2007இல் ஆரம்பிச்சப்ப முதல்ல அமைஞ்ச நாலு ஹெட்எண்ட்ல (சேனல்களை வாங்கி கேபிள்ல அனுப்புற நிலையம்) தஞ்சாவூரும் ஒண்ணு. 2011இல் மறுபடி உயிர் குடுத்தப்ப வீட்டுக்கு மாசம் 70 ரூபா, அதுல 20 ரூபா அரசு கேபிள் கழகத்துக்கு. இப்ப கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனியா விலை. டிவி இலவசமா வருதுன்னு நெனச்சுக்கிட்டுப் பேசாதீங்க. காசு கொடுத்துப் பாக்குறவங்களுக்குக் கேக்குற உரிமை உண்டு.

நாற்றங்கால்

டெல்டாக் கதை என்று வரும் தொடர்களுக்கு என் பட்டியல் இது. இதில் எனக்கு ஆதங்கம் உண்டு, ஆனாலும் சரிபார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

பேச்சிலிருந்து தொடங்குங்கள். கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கத்தில் "வந்தாங்க, சொன்னாங்க" என்பார்கள். தொடரில் தஞ்சாவூர் மிராசுதாரர் "வந்தாக, சொன்னாக, அவுக" என்று தெற்குச் சீமைப் பேச்சுப் பேசுவார். வேலைக்காரர் நெல்லைப் பேச்சில் "ஏலே" என்பார். கிராமத்துப் பேச்சு என்று ஒரே கலவையைச் செய்து வைத்து, எந்த ஊருக்கும் அதையே ஊற்றுகிறார்கள். முன்னணி நடிகை வேறு மாநிலத்தவராக இருந்து டப்பிங் குரல் வேறொருவருடையதாக இருந்தால், அந்தக் குரலுக்கு ஊரே இருக்காது. பாத்திரம் பாத்திரமாக எழுதுங்கள்: எந்த ஊர்க்காரர் என்று கதை சொல்கிறது, எந்த ஊர்ப் பேச்சு வாயில் வருகிறது.

அடுத்து நிலம். இக்காலக் கதையில் ஒரு பெரிய வீட்டுக்காரருக்கு "ஐந்நூறு ஏக்கர் நஞ்சை" என்று வசனம் வந்தால் பேனாவை எடுங்கள். 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு) என்று வைத்தது, 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைந்தது. அப்படியானால் அந்த ஐந்நூறு ஏக்கர் யார் பேரில் இருக்கிறது, எப்படி இருக்கிறது? நல்ல கதாசிரியருக்கு அதுவே ஒரு வருடக் கதை. டெல்டாவில் நிலத்தை ஏக்கரில் மட்டும் பேசுவதும் இல்லை. மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, 20 மா ஒரு வேலி. எந்தத் தொடரிலாவது ஒரு விவசாயி "நாலு மா தாளடி" என்று சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

பயிர்க் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை ஜூனில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சம்பா ஆகஸ்டில் தொடங்கித் தை மாதத்தில் அறுவடை. தாளடி குறுவைக்குப் பின் அதே வயலில். தொடரில் ஐப்பசித் தீபாவளிக் காட்சிக்கு அடுத்த நாளே வயலில் சம்பாக் கதிர் முற்றி நின்றால் அது தவறு. அறுவடை என்றால் பத்துப் பெண்கள் அரிவாளோடு பாடிக்கொண்டு குனிவார்கள். உண்மையில் மணிக்கணக்கு வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம் நிற்கிறது, ஈர வயலாக இருந்தால் பெல்ட் வண்டி. பதற்றம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருமா என்று காயவைத்துக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து எடை போடும் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஒரு வாரத் தொடருக்கு வேண்டிய பதற்றம் அந்தக் களத்திலேயே இருக்கிறது. பாலில் விஷம் கலக்கத் தேவையே இல்லை.

பெண்கள் வேலை செய்கிறார்களா என்று கணக்கெடுக்கச் சொன்னால், "ஆமாம், கம்பெனி எம்.டி." என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு கேள்வி: அவளுக்கு வேலை இருப்பதாக வசனம் சொல்கிறதா? அந்த வேலையைச் செய்யும் காட்சி எத்தனை நொடி? நாற்றுப் பறித்து நட்டவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர்கள், இவர்களில் யாராவது பெயரோடு, வசனத்தோடு வருகிறார்களா, அல்லது பின்னணியில் கூடையோடு கடந்து போகிறார்களா? சாதி பற்றி வாயே திறக்காமல் ஒரு கிராமத்தைக் காட்ட எப்படி முடிகிறது என்பதையும் கேளுங்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது இந்த மண்ணில்தான். நெல் கூலிக்காக நடந்த போராட்டம் அது. அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகளும் மாலை ஏழு மணிக்கு இதே டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கறுப்பு நிறத்தைக் குறையாகப் பேசும் கதையில், மாநிற நடிகைக்கோ வெள்ளை நிற நடிகைக்கோ கறுப்பு மேக்கப் பூசி நடிக்கவைத்தால், அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

அரசலாறு

எல்லாருக்கும் மிக்க நன்றி. படித்துவிட்டுத் தாளை இப்படி வரைந்திருக்கிறோம். ஒரு எபிசோடுக்கு ஒரு தாள். மேலே சேனல், தொடர், தேதி, தொடங்கிய நொடி, முடிந்த நொடி. அதன் கீழே தொகுப்புமேசை சொன்ன நொடிக் கணக்கு. பிறகு காட்சி வாரியாக: இடம் (ஹால், சமையலறை, படுக்கையறை, கோயில், அலுவலகம், வயல், தெரு), பேசுபவர்கள், முடிவெடுப்பவர் ஆணா பெண்ணா, அழுகை, ஒட்டுக்கேட்பு, அடி, விஷம், கடத்தல், மாந்திரீகம், பெண்ணை இழிவாகப் பேசுதல்.

ஒரு சிக்கல். சோதனைக்கு ஒரே எபிசோடை இரண்டு பேர் தனித்தனியாக எழுதினார்கள். "அழுகை" ஒருவர் தாளில் 4, இன்னொருவர் தாளில் 11. எல்லாத் தொடரையும் நாலு வாரமும் பார்க்க 12 பேரால் முடியாது என்பதும் புரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

குடமுருட்டி

4, 11 என்று வந்தது நல்லதற்குத்தான், தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது. "அழுகை" என்பது வரையறை இல்லாத சொல். கண்ணில் நீர் தெரிய வேண்டுமா, விம்மல் சத்தம் போதுமா, ஒரே காட்சியில் நிறுத்தி மறுபடி அழுதால் ஒன்றா இரண்டா? இப்படி எழுதுங்கள்: "ஒரு காட்சியில் ஒரு பாத்திரம் கண்ணீர் தெரியவோ, அழும் குரலிலோ வந்தால் 1. அதே காட்சியில் அதே பாத்திரம் எத்தனை முறை அழுதாலும் 1தான்." காட்சி என்பதற்கும் வரையறை வேண்டும்: இடம் மாறினால் அல்லது நேரம் தாவினால் புதுக் காட்சி. போனில் பேசும்போது இரண்டு இடத்தை மாற்றி மாற்றிக் காட்டினால் அது ஒரே காட்சி. இதைச் சொல்லாவிட்டால் மறுபடி எண் விலகும்.

அதன்பின் அதே இரண்டு பேரும் வேறு ஓர் எபிசோடை எழுதட்டும். ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டு, 100 கட்டத்தில் எத்தனை பொருந்துகிறது என்று பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் வரையறையைத் திருத்தி மறுபடி சோதனை. 80ஐத் தாண்டியபின் வேலையைத் தொடங்கலாம், ஆனால் ஐந்து எபிசோடுக்கு ஒன்றை எப்போதும் இரண்டு பேர் தனித்தனியே எழுத வேண்டும். அந்தப் பொருத்த சதவீதத்தை அறிக்கையிலேயே போடுங்கள். சேனல்காரர் "உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது" என்று சொன்னால் பதில் அதுதான்.

எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. வாரம் ஆறு நாள் வரும் தொடருக்கு, முதல் வாரம் திங்கள், இரண்டாம் வாரம் செவ்வாய், மூன்றாம் வாரம் புதன் என்று ஆறு வாரத்தில் ஆறு நாளைத் தைத்து ஒரு வாரம் செய்துகொள்ளுங்கள். ஒரே வாரத்தைத் தொடர்ந்து பார்த்தால் அது கல்யாண டிராக் ஓடும் வாரமாக இருந்து, முழுத் தொடரும் கல்யாணம்தான் என்று தோன்றிவிடும். நான்கு வாரத்தை ஆறாக நீட்டுங்கள், ஆள்பளு குறையும். கதை எந்தக் கிழமை திரும்புகிறது என்று வெண்ணாறு கேட்டதற்கு மட்டும் இந்தத் தையல் வாரம் உதவாது. அதற்கு ஒரே ஒரு தொடரைத் தேர்ந்து, ஒருவர் விடாமல் பார்க்கட்டும். கையிருப்பு எந்த வாரம் தீர்ந்தது என்பதும் அந்தத் தொடரில்தான் தெரியும்.

புகார் வழி. 2021 ஜூனில் கேபிள் டிவி விதிகளைத் திருத்தி மூன்று படி வைத்தார்கள். முதல் படி சேனலேதான். எழுத்தில் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. பொழுதுபோக்குச் சேனல்களுக்குப் பரவலாகத் தெரிந்தது பிசிசிசி என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு, 2011லிருந்து இருக்கிறது. அந்த அமைப்புக்கு 60 நாள். அதிலும் சரிவராவிட்டால் மறுபடி 15 நாளுக்குள் மத்திய அரசுக்கு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆறு வாரம் கணக்கெடுத்து, ஒரு மாதம் அறிக்கை எழுதி, அப்புறம் புகார் அனுப்பினால் காட்சி பழையதாகிவிடும். குறிப்பிட்ட காட்சி மீதான புகாரை ஒளிபரப்பான இரண்டு வாரத்துக்குள் தனியாக அனுப்பிவிடுங்கள், அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். புகாரில் தேதி, நேரம், சேனல், தொடர், காட்சியின் இரண்டு வரி விவரம், எந்த விதி என்பது இருந்தால் போதும். கேபிள் டிவி விதி 6(1) இல் உட்பிரிவு "ஜே" மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது, "கே" பெண்ணின் உருவத்தை இழிவுபடுத்துவது. குழந்தைகள் பெருமளவு பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாததைக் காட்டக் கூடாது என்பது 6(5). "கலாசாரச் சீரழிவு" என்ற சொல்லை எழுதினால் புகார் அங்கேயே செத்துவிடும், அதை எந்த விதியிலும் பொருத்த முடியாது.

மாவட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர், மகளிர் கல்லூரி முதல்வர் ஒருவரும் பெண்கள், குழந்தைகள் நலனுக்கு உழைக்கும் அமைப்பினரும் உறுப்பினர்கள். குழு உங்கள் மாவட்டத்தில் கூடுகிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று மக்கள் தொடர்பு அலுவலகத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். கும்பகோணம் என்றால் தஞ்சாவூர் மாவட்டம், மன்னார்குடிக்காரர்கள் திருவாரூருக்கு எழுத வேண்டும்.

தொகுப்புமேசை

அரசலாறு, தாளில் ஒரு திருத்தம். "முடிவெடுப்பவர் ஆணா பெண்ணா" என்று மட்டும் வைத்தால் பெண் என்றே அதிகம் வரும். இந்தத் தொடர்களில் சதி செய்வதும் பெண், தாங்குவதும் பெண், ஆண்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். அதை வைத்துப் "பெண்களுக்கு அதிகாரம்" என்று சேனல் பதில் எழுதிவிடும். பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள்: "எதைப் பற்றிய முடிவு?" கல்யாணம், குழந்தை, சமையல், பூஜை, நகை, சொத்து, வேலை, படிப்பு, ஓட்டு. கடைசி நாலில் எத்தனை கோடு விழுகிறது என்று பாருங்கள்.

அரசலாறு

சேர்த்துவிட்டோம். இந்தச் சனிக்கிழமை சோதனை எபிசோட், அழுகை வரையறை மாற்றியபின். எத்தனை கட்டம் பொருந்தியது என்று ஞாயிறு காலை இங்கேயே எழுதுகிறேன்.